வளை உள்ளவனுக்கு வேகம் எதற்கு?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு பூனையும் இரண்டு வெள்ளை முயல்களும் வளர்கின்றன. ஓட்டத்தில் எது கெட்டி?

நேர்கோட்டில் ஓடவிட்டால் பூனை கொஞ்சம் முந்தும். வீட்டுப் பூனையின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 48 கிலோமீட்டர். உங்கள் வீட்டு முயலின் இனத்துக்குச் சுமார் 40. இரண்டும் இந்த வேகத்தில் வெகுதூரம் ஓடாது, ஓட வேண்டிய தேவையும் இல்லை.

பூனை பதுங்கிப் பாயும் பிராணி. மதில்மேல் அணிலைப் பார்த்துவிட்ட பூனையைக் கவனியுங்கள். வயிறு தரையோடு ஒட்டும், வால் நுனி மட்டும் துடிக்கும், பின்பாகம் இரண்டு முறை ஆடி நிற்கும். அடுத்த நொடி பாய்ச்சல். அந்த ஒரு பாய்ச்சலுக்காக அமைந்த உடல் அது. முயல் ஓடுவதோ தப்பிக்க. நேராக ஓடாமல் சட்டென்று வலம், சட்டென்று இடம் என்று வெட்டி வெட்டி ஓடும். துரத்துகிற பிராணி திரும்புவதற்குள் வளைக்குள் போய்விடும்.

கேள்வி: அப்படியானால் ஆமையோடு பந்தயம் வைத்த முயலுக்கு வேகத்தில் அத்தனை பெயர் எப்படி வந்தது?

அந்த முயல் வேறு, உங்கள் வீட்டு முயல் வேறு. ஈசாப் கதையில் வருவது காட்டுமுயல். வீட்டில் வளர்வது குழிமுயல். அதன் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பமும் அதை ஒட்டிய தென்பிரான்ஸும்.

குழிமுயல் மண்ணைத் தோண்டி வளை அமைத்துக் கூட்டமாக வாழும். குட்டிகள் கண் திறக்காமல், ரோமமில்லாமல் பிறக்கும். காட்டுமுயலுக்கு வளையே கிடையாது. புல்லில் ஒரு சிறு பள்ளம்தான் படுக்கை. அதனால் அதன் குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், உடலில் ரோமம் இருக்கும். ஒளிய இடமில்லாத பிராணிக்கு ஓட்டம்தான் கதி. ஐரோப்பியக் காட்டுமுயல் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வரை ஓடும். பூனையால் எட்டவே முடியாத வேகம்.

நம் ஊர்க் காடுகளிலும் கொல்லைகளிலும் ஓடும் பழுப்பு முயலும் காட்டுமுயல்தான். பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம்.

கேள்வி: அறிவில் யாருக்கு முதலிடம்?

எண்ணிக்கையில் பூனைக்கு. சிந்தனைக்கு முக்கியமான பெருமூளைப் புறணியில் பூனைக்குச் சுமார் 25 கோடி நரம்பணுக்கள்; முயலுக்குச் சுமார் 7 கோடி. 1898-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக், பசித்த பூனைகளைத் தாழ்ப்பாள் போட்ட பெட்டிகளில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். முதலில் கண்டபடி பிறாண்டிய பூனைகள், தற்செயலாகத் திறந்துகொண்ட தாழ்ப்பாளைப் போகப்போக விரைவாகத் திறக்கப் பழகின.

ஆனால் முயலை மந்தமென்று சொல்ல எனக்கு மனம் வராது. பூனை சிந்திப்பது எப்படிப் பிடிப்பதென்று. முயல் சிந்திப்பது எப்படிப் பிடிபடாமல் இருப்பதென்று. அதன் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும், மூக்குக்கு நேர் எதிரே உள்ள சிறு இடத்தைத் தவிர. ஒரு கேரட் துண்டை அதன் வாயருகே நீட்டிப் பாருங்கள். பார்த்து எடுக்காது; மீசையாலும் உதட்டாலும் தடவித்தான் எடுக்கும். ஆபத்தை உணர்ந்தால் பின்னங்காலால் தரையில் ‘தட்’டென்று அடித்துக் கூட்டத்தையே எச்சரிக்கும். தனியே வேட்டையாடும் பூனையிடம் இந்தப் பழக்கம் இல்லை.

கேள்வி: இவை மனிதனிடம் எப்போது வந்தன?

பூனை ரொம்பப் பழைய கூட்டாளி. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே, 40 சென்டிமீட்டர் தொலைவில், ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனைகள் கிடையாது. யாரோ படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். தானியக் குதிருக்கு எலி வந்தது, எலியைத் தேடி ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வந்தது, விவசாயி அதை விரட்டவில்லை. உறவு அப்படித்தான் தொடங்கியது.

முயல் வெகுகாலம் கழித்தே வந்தது, அதுவும் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும். இன்றைய வளர்ப்பு முயல்களின் மரபணு தென்பிரான்ஸின் காட்டுக் குழிமுயல்களைக் காட்டுகிறது. மூளையை ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வில், அச்சத்தை ஆளும் அமிக்டலா என்ற பகுதி வளர்ப்பு முயலுக்குச் சிறுத்திருப்பது தெரிந்தது.

சிறுத்ததே தவிர, அச்சம் போய்விடவில்லை. முயலை மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடக்கும். பலர் அதைத் தூக்கம் என்று எண்ணிப் படம் எடுக்கிறார்கள். அது தூக்கமில்லை, பிடிபட்டுவிட்டோம் என்று உறைந்துபோன நிலை. உங்கள் முயல்களை அப்படிக் கிடத்தாதீர்கள். பூனை இருக்கும் வீடு என்பதால், உள்ளே புகுந்து மறைய அவற்றுக்கு ஒரு மரப்பெட்டியாவது வையுங்கள். வளையில்லாத குழிமுயலுக்கு ஓடியும் பயனில்லை.