கேட்ட சரக்கு இல்லையென்றால்

கேட்ட சரக்கு நம் கடையில் இல்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வானொலிக்கே இப்படி நடந்திருக்கிறது.

1952-ல் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டை மட்டமானது என்று எண்ணினார். அகில இந்திய வானொலியில் அது அநேகமாக நின்றுபோயிற்று. சாஸ்திரீய சங்கீதம் நல்ல சரக்குதான், யார் இல்லையென்றது? ஆனால் ஜனங்கள் கேட்டது வேறு. ரேடியோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிவிட்டார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் மயில்வாகனன் பேச்சும் பாட்டும் கடல் தாண்டி வந்தன. அங்கே விளம்பரமும் உண்டு. இந்தியாவில் விற்கும் சரக்குக்குக் கொழும்பில் பணம் கட்டினார்கள்! பினாக்கா பற்பசையின் இந்திப் பாட்டு நிகழ்ச்சி 1952-லேயே அங்கு தொடங்கிவிட்டது.

இங்கே விவித பாரதி வந்தது 1957 அக்டோபர் 3-ல். அதில் விளம்பரம் வாங்க இன்னும் பத்து வருடம், 1967. அதற்குப் பிறகு எழுபதுகளிலும், திண்டுக்கல்லில் எங்கள் அப்பா கடை ரேடியோவில் கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரல்கள்தான்.

நானும் அதே தப்பைச் செய்தவன். மல்லி, மிளகாய் வாங்கி அரைப்பதுதான் ருசி என்று, பாக்கெட் மசாலாத் தூள் வைக்காமல் ஆறு வருடம் இருந்தேன். வேடசந்தூர், வடமதுரை சில்லறைக் கடைக்காரர்கள் அதற்காக மதுரை போனார்கள். போன இடத்திலேயே பருப்பு, சீரகமும் போட்டுக்கொண்டார்கள். பிறகு நானும் வைத்தேன். பாதிப் பேர் திரும்பினார்கள். மீதிப் பேருக்கு மதுரையில் பற்று வரவு ஏற்பட்டுவிட்டது.