மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: ஹெச்.ஐ.வி. வராமலிருக்க 'பிரெப்' மாத்திரை சாப்பிடுகிறேன். அறை நண்பர் பார்த்துவிட்டு, "உனக்கு எய்ட்ஸா?" என்கிறார். அவமானமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: பேச்சுக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் சேர்ந்த இந்த மாத்திரை, தொற்று இல்லாதவர்களுக்கே பிரெப்பாகத் தரப்படுகிறது. இதே மருந்துகள் சிகிச்சையிலும் பயன்படுவதால்தான் உங்கள் நண்பருக்குக் குழப்பம். தவறாமல் சாப்பிட்டால் உடலுறவு வழித் தொற்று அபாயம் ஏறக்குறைய 99 சதவீதம் குறையும். அதை அவரிடம் சொல்லுங்கள். தொற்று இருந்தாலும் அதில் இழிவு ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பக்கத்து மைசூருவில், பாலியல் தொழிலாளர்களே நடத்தும் அசோதயா சமிதி 2016 வாக்கில் பிரெப் முன்னோடித் திட்டத்தை நடத்தியது. தங்களுக்குள் கூடிப் பேசித் தயக்கம் நீக்கிய அந்தப் பெண்கள் நம் மரியாதைக்குரியவர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்.ஐ.வி. பரிசோதனை அவசியம். சந்தேகமென்றால் 1097க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது.