வேட்டைக் காட்சியும் நிழற்படம் எடுப்போன் அறமும்

ஓர் உயிர் மற்றோர் உயிரை வேட்டையாடும் அந்தக் கணத்திலேயே அதனை நிழற்படமாக எடுத்தல் கலைகளுள் மிக அரியதென்பர். அது அரிதாவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அது பெரும்பாலும் நற்பேற்றைச் சார்ந்து நிற்பது. மற்றொன்று, அந்நற்பேறு வருங்காறும் காத்திராமல் அதனை நாமே உண்டாக்கிக் கொள்ளலாம் என்னும் ஆசை, படம் எடுப்போன் உள்ளத்தை ஓயாது வருத்துவது. இவ்விரண்டினையும் நமக்கு அணித்தேயுள்ள ஓர் ஏரியை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

அவ்வேரி கரைவெட்டி. 1995-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியினின்று பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது கரைவெட்டி அம்மாவட்டத்துள் அடங்கியிருந்தது. 2007-இல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானபின் அதனைச் சேர்ந்தது. ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரிக்குப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக மேட்டூர் அணையின் நீர் வருகின்றது. இமயத்தைக் கடந்துவரும் வரித்தலை வாத்துக்களும் இங்கு வந்து தங்குதல் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

பறவைகள் திரளுமிடத்தில் அவற்றை உண்பனவும் திரளும். குளிர்காலத்தில் வடக்கினின்று வரும் சேற்றுப் பூனைப்பருந்து அவற்றுள் ஒன்று. அது கோரைகளின்மேல் தாழப் பறந்து, நாமக்கோழிக் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வரும். நாமக்கோழிகளோ உடனே நெருங்கித் திரண்டு ஒரே கும்பலாகும். திரண்ட கும்பலின்மேல் பாயப் பருந்து தயங்கும். நோயாலோ இளமையாலோ கூட்டத்தைப் பிரிந்த ஒன்றையே அது நாடும். அப்பறவை நீரில் மூழ்க, பருந்து மேலே காத்திருக்கும். அது மூச்சுவிட எழும்பொழுது மீண்டும் தாக்கும். இங்ஙனம் அதனைச் சோர்வுறச் செய்து பிடித்தலும் உண்டு. பிடிக்க இயலாது வறிதே திரும்புதல் அதனினும் மிகுதி.

இக்காட்சியைப் படமெடுக்க விரும்புவோன் எதனை நம்புவது? ஒளி முதுகுப்புறம் இருத்தல் வேண்டும்; காமிராவின் மூடி ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ திறந்து மூடுதல் வேண்டும்; பறவை எதிர்முகமாக வருதல் வேண்டும்; இடையே கோரை மறையாதிருத்தல் வேண்டும். இந்நான்கினுள் முதலிரண்டே அவன் கையில் உள்ளன. இக்காலத்துக் கருவிகள் ஒரு நொடிக்குள் இருபது படங்களும் எடுக்கவல்லன. ஆயினும், பருந்து இன்று பசித்துள்ளதா, நாமக்கோழி இன்று பிரியுமா என்பவற்றை எக்கருவியும் அறியாது. ஆகவே நற்பேறு என்பது பொறுமையின் கூலியன்று. பொறுமையுடையோனுக்கும் அது வாராதொழியலாம். பொறுமை செய்வதெல்லாம், அது வரும்பொழுது நாம் அங்கே இருக்குமாறு செய்வதே.

இனி அறத்திற்கு வருவோம். ஒருவன் படகைக் கூட்டத்தினிடையே செலுத்துகின்றான் எனக் கொள்வோம். நாமக்கோழிகள் சிதறும், தனித்த ஒன்று பருந்திற்கு இரையாகும், படமும் கிடைக்கும். அவன் கொல்லவில்லை; ஆயினும் அக்கொலைக்கு வழிசெய்தவன் அவனே. திரண்டு நிற்றலே நாமக்கோழியின் காவல். அக்காவலை உடைத்தபின், “இயற்கை தன் வழியே சென்றது” என்று சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் கூடுகளைக் குலைத்தலையும் “வேட்டை” என்னும் சொல்லின் பொருளுள் அடக்கியுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது. துப்பாக்கி ஏந்தாதவனும் வேட்டைக்காரனாதல் கூடும் என்பதைச் சட்டமே ஒப்புகின்றது.

இவ்வாசை புதியதன்று. ஜெர்மானியராகிய கார்ல் ஜார்ஜ் ஷில்லிங்ஸ் என்பார் கிழக்கு ஆப்பிரிக்காவில் கழுதைகளைக் கட்டிவைத்து, இரவில் அவற்றின்மேற் பாய்ந்த சிங்கங்களை மின்னொளியிற் படமெடுத்து, 1905-இல் நூலாக வெளியிட்டார். உலகம் வியந்தது, கட்டுண்ட கழுதையைப் பற்றி நினைத்தோர் சிலரே. நம் நாட்டில் வனத்துறை அதிகாரியாயிருந்த சாம்பியன் என்பார் வேறு வழியும் கண்டார். புலி தானே நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அது மிதிக்குங்கால் காமிரா தானே இயங்குமாறு செய்தார். அப்படங்கள் 1927-இல் நூலாயின. புலி அங்கு வருவதும் வாராததும் அதன் விருப்பமே. மின்னொளி அதனைத் திடுக்கிடச் செய்திருக்கும் என்பது உண்மையே. எனினும் அதன்பொருட்டு ஓருயிர் கட்டப்படவில்லை.

நம் தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் (1912–1996) இத்துறையில் முன்னோடி. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய அவர், தாமே பொருத்தியமைத்த காமிராவுடன் காட்டிற் கால்நடையாகவும் யானைமேலும் சென்று, கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்து வந்தார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் இறுதிக்காலம் வரை இயற்கை பற்றி எழுதினார். உயிர் தன் இயல்பில் இருப்பதைக் காட்டுதலே அவர் படங்களின் பயன்.

படம் பொய் சொல்லுதலும் உண்டு. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009-ஆம் ஆண்டின் முதற்பரிசு, வேலிக்கதவைத் தாண்டி இரைதேடிப் பாயும் ஓர் ஓநாயின் படத்திற்கு அளிக்கப்பட்டது. அவ்வோநாய் பழக்கப்பட்டதாக இருத்தல் கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றனர். எடுத்தவர் அதனை மறுத்தார். ஒரு படத்தின் மதிப்பு அதன் அழகில் மட்டுமன்று, அதன் உண்மையிலும் உள்ளது என்பது இதனால் விளங்கும்.

ஈண்டு ஒரு வினா எழும். நம் கண்முன் நாமக்கோழி துன்புறுகின்றது. கைதட்டினால் பருந்து போய்விடும். காவாதிருத்தல் இரக்கமின்மை ஆகாதோ? இவ்வினாவை எளிதிற் புறந்தள்ளலாகாது; இரக்கத்தினின்றே அது பிறக்கின்றது. ஆயினும் பருந்தும் உயிரே. வேனிலில் நெடுந்தொலைவு வடக்கே மீளவேண்டிய அதற்கு இவ்விரையே வழிக்கட்டுச்சோறு. ஒன்றிற்கு இரங்கி மற்றொன்றின் வாயினின்று உணவைப் பறித்தல் நீதியன்று. ஆனால், மனிதன் விட்டுச்சென்ற வலையிற் பறவை சிக்கியிருப்பின் வனத்துறையினர்க்கு அறிவித்தல் நம் கடன். அத்துன்பம் இயற்கையினது அன்று, நம்முடையது.

ஆதலின் மாணவ நண்பர்காள், கைப்பேசியேனும் காமிராவேனும் ஏந்தி ஏரிக்குச் செல்லுங்கால் இவற்றைக் கைக்கொள்ளுங்கள். வனத்துறையின் இசைவு பெற்றுக் கரையிலேயே நில்லுங்கள். பறவை தலைநிமிர்த்தி உங்களை நோக்குமாயின் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். கல்லெறிதல், கைதட்டல், இரையிடல் வேண்டா. கூடுள்ள மரத்தின் இடத்தைப் பலர்க்கும் பரப்பாதீர்கள். படத்தின் கீழ் நாளும் இடமும் எழுதுவதோடு, அது எங்ஙனம் எடுக்கப்பட்டது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அவ்வரியை எழுதக் கூச்சம் தோன்றுமாயின் அப்படத்தை ஒருவர்க்கும் காட்டாதிருத்தலே நன்று.

படமின்றித் திரும்பும் நாள்களே பலவாக இருக்கும். அந்நாள்களில் பருந்தும் பெரும்பாலும் வெறும்வயிற்றுடனேயே திரும்புகின்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நமக்கு ஒரு படம் தவறிற்று. அதற்கு ஒருவேளை உணவு தவறிற்று. இவ்விரண்டினுள் எது பெரிதென்று அறிந்தோனே அக்கரையில் நிற்கத் தக்கவன்.