கேன் தண்ணீரில் பவளம் வளருமா?

நம்பிக்கை: மனிதர் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர் பவளத் தொட்டிக்கும் போதும். அதற்கு மேலும் வடிகட்டுவது வீண் செலவு.

உண்மை: பெரும்பாலும் போதாது. எவ்வளவு போதாது என்பது உங்கள் ஊர்த் தண்ணீரைப் பொறுத்தது. மீனவ ஊரான தோணிரேவு இருக்கும் பழவேற்காடு, மீஞ்சூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே நிலத்தடி நீருக்குள் கடல் புகுந்தது 1960களின் இறுதியிலேயே பதிவாகிவிட்டது. ஆர்.ஓ. சவ்வு, கரைந்த உப்பில் நூற்றுக்கு 95 பங்கைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீர் உள்ளே போனால் 15 வெளியே வரும். 2,000 உள்ள உவர்ப்பான போர் தண்ணீர் போனால் 100 வரும். இயந்திரம் ஒன்றுதான். போதாக்குறைக்கு, பல வீட்டு ஆர்.ஓ. பெட்டிகள் ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கின்றன. கேன் தண்ணீரில் தாதுக்கள் சேர்ப்பதும் உண்டு. நம் நாக்குக்கு நல்லதுதான்.

கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறதே, இந்த 100 மில்லிகிராம் என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மிச்சம் இருப்பது வெறும் சோற்றுப்பு என்றால் ஒன்றும் ஆகாது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், செம்பு என்றால் கதை வேறு. தொட்டியில் தண்ணீர்தான் ஆவியாகும், அவை ஆவியாவதில்லை. நாளுக்கு 2 லிட்டர் குறைந்து, அதைக் கேன் தண்ணீரால் ஈடுகட்டினால் ஆண்டுக்கு 730 லிட்டர். கூடவே, லிட்டருக்கு 100 மில்லிகிராம் கணக்கில், 73 கிராம் கரைபொருள். தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் வெளியேறும், அவ்வளவுதான். சிலிக்கேட் பழுப்புப் பாசியை வளர்க்கும். செம்போ மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். கரைபொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் எவ்வளவு என்று மட்டுமே சொல்லும், என்னவென்று சொல்லாது. அதனால்தான் பவளம் வளர்ப்பவர்கள் 0 வரும்வரை விடுவதில்லை.

அதற்கு ஆர்.ஓ.வுக்குப் பின்னால் அயனி நீக்கும் டி.ஐ. குடுவை ஒன்று வேண்டும். அதிலுள்ள பிசின் மணிகள் மிச்ச அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். மீட்டர் 0-விலிருந்து நகர ஆரம்பித்தால் பிசினை மாற்றிவிடுங்கள். முன்னால் கார்பன் ஃபில்டர் இருப்பதும் அவசியம். குளோரின் சவ்வைக் கெடுத்துவிடும்.

நம்பிக்கை: தாதுவே இல்லாத தண்ணீரில் உயிர் எப்படிப் பிழைக்கும்?

அதை அப்படியே ஊற்றுவதில்லையே! கடல் உப்புக் கலவை சேர்த்த பிறகுதான் தொட்டிக்குப் போகிறது. லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் அதிலிருந்தே கிடைத்துவிடும். ஆவியானதை ஈடுகட்டும்போது மட்டும் உப்பில்லாமல் ஊற்ற வேண்டும்.

நம்பிக்கை: பழவேற்காடு ஏரித் தண்ணீர் உப்புத்தானே, காசில்லாமல் மொண்டுகொள்ளலாம்.

தோணிரேவு மீனவரிடம் இதைக் கேட்டால் சிரித்துவிடுவார். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் வந்து சேரும்போது ஏரியின் உப்பு சட்டென்று இறங்கும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, வெயிலில் தண்ணீர் வற்றினால் கடலையே மிஞ்சும். மடவையும் இறாலும் நண்டும் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. பவளத்துக்கு இது ஆகாது. சேறு கலங்கிய இந்த ஏரியில் பவளத்திட்டு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மன்னார் வளைகுடாவில் எடுத்த கல் பவளம் என்று யாராவது விற்க வந்தால் தண்ணீர்க் கணக்கெல்லாம் தேவையே இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. எடுப்பதும் விற்பதும் குற்றம்.