பழைய ரைஃபிளும் மரக்கட்டையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளின் இரும்புப் பகுதியை மரக்கட்டைக்குள் அசையாமல் உட்கார வைக்கும் வேலைக்குப் ‘பெடிங்’ என்று பெயர். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் இரும்பு பழைய இடத்துக்கே திரும்பி வந்தால்தான் குண்டுகள் அருகருகே விழும். மயிரிழை விலகினாலும் தொலைவில் உள்ள இலக்கில் அது அங்குலக் கணக்கில் தெரியும். உலகப் போர்க் காலத்து லீ-என்ஃபீல்டுகளும் மவுசர்களும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளின் துப்பாக்கிக் கழகங்களில் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களில் பலர் வீட்டிலேயே பெடிங் செய்துகொள்கிறார்கள். அவர்களிடையே உலவும் நம்பிக்கைகள் சிலவற்றைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: குழல் மரத்தைத் தொடவே கூடாது.

உண்மை: இன்றைய ரைஃபிள்களுக்கு இது பெரும்பாலும் சரி, லீ-என்ஃபீல்டுக்குப் பொருந்தாது. 1907-இல் வந்த எஸ்எம்எல்இ மார்க் 3 என்ற லீ-என்ஃபீல்டு மாதிரியில் குழல் நுனியருகே ஒரு சிறிய சுருள்வில் குழலை மேல்நோக்கித் தள்ளுகிறது. பின்னால் வந்த நம்பர் 4 மாதிரியில் முன்கட்டையின் நுனியே சில பவுண்டு அழுத்தத்துடன் குழலைத் தாங்குகிறது. மெல்லிய குழலின் அதிர்வை அடக்குவதற்கான ஏற்பாடு இது. ‘தொடக்கூடாது’ என்று அந்த மரத்தைச் சுரண்டி எடுத்தால் குறி சிதறவே வாய்ப்பு அதிகம். நம்பர் 4-ஐ மாற்றியமைத்து 1970 வாக்கில் வந்த எல்42ஏ1-இல் குழல் மரத்தைத் தொடாமல் நின்றது உண்மைதான். ஆனால் அதற்காகத் தடித்த குழல் பொருத்தி, முன்கட்டையையும் குறுக்கியிருந்தார்கள்.

நம்பிக்கை 2: ஆளிவிதை எண்ணெய் நன்றாக ஊட்டிவிட்டால் மரம் அசையாது.

உண்மை: எண்ணெய் ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு மூட மறுக்கும் கதவைப் போலவே வால்நட் கட்டையும் ஈரம் குடித்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். இந்த மாற்றம் இழைக்குக் குறுக்கே அதிகம். இழையின் நீளவாக்கில் மிகக் குறைவு. வெளிப்புறம் பளபளப்பாக இருந்தாலும் உட்குடைவில் வெட்டுப்பட்ட இழைகள் மூடப்படாமல் இருந்தால் ஈரம் அங்கேதான் முதலில் ஏறும். ஆகவே குடைவின் உட்புறத்துக்கும் பூச்சு தேவை. இன்னொன்று: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவையுங்கள்.

நம்பிக்கை 3: இரும்பைக் கட்டையோடு பிணைக்கும் திருகாணியை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு துல்லியம்.

உண்மை: முறுக்க முறுக்க மரம் நசுங்கும், நசுங்கிய இடம் மீண்டும் தளரும். 19-ஆம் நூற்றாண்டின் பொறியாளர்களுக்கே இது தெரியும். 1898-ஆம் ஆண்டு மவுசரில் பின் திருகாணியைச் சுற்றி உலோகக் குழாய் ஒன்று கட்டைக்குள் இருக்கும். முறுக்கும் விசையை மரத்துக்குப் பதில் அந்த இரும்பு தாங்கிக்கொள்ளும். லீ-என்ஃபீல்டின் முன் திருகாணிக்கும் அப்படியொரு வளையம் உண்டு. பழைய துப்பாக்கியில் அது தொலைந்துபோயிருக்கிறதா, மரம் சுருங்கியதால் அதன் நீளம் பொருந்தாமல் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டயல் கேஜ் இருந்தால் அதைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே பொருத்தி, ஒரு திருகாணியை மெதுவாகத் தளர்த்துங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இரும்பு வளைந்த நிலையில் கட்டுண்டிருக்கிறது என்று பொருள்.

நம்பிக்கை 4: இடைவெளி தெரியும் இடமெல்லாம் ஏதாவது பசையை நிரப்பினால் போதும்.

உண்மை: எதை நிரப்புகிறோம், எங்கே நிரப்புகிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது. கார் ஒடுக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பட்டி இறுகும்போது சுருங்கும், அதிர்ச்சியில் வெடிக்கும். உலோகத்தூள் கலந்த எபாக்ஸியில் சுருக்கம் மிகக் குறைவு. மவுசரில் இரும்பின் முன்பக்கத்துக்கு அடியில் துருத்தி நிற்கும் ரிகாயில் லக்கின் பின்முகம்தான் உதையை மரத்துக்குக் கடத்துகிறது. அந்த முகம் எபாக்ஸியில் முழுவதுமாகப் பதிய வேண்டும். லக்கின் முன்புறத்திலும் பக்கங்களிலும் அடியிலும் ஓர் அடுக்கு டேப் ஒட்டி இடைவெளி விடுவது வழக்கம். லீ-என்ஃபீல்டில் உதையைத் தாங்குபவை முன்கட்டையின் பின்கோடியில் உள்ள சிறு மரத் தோள்கள். தேய்ந்த தோள்களுக்குக் கடின மரத் துண்டு பதிப்பதே ஆயுதப் பட்டறைகளின் பழைய முறை. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை அங்கே செப்புத் தகடே வைத்தது.

பல ஆண்டு எண்ணெய் குடித்த மரத்தில் எபாக்ஸி பிடிக்காது. முதலில் அசிட்டோன் கொண்டு எண்ணெய் நீக்க வேண்டும். இரும்பிலுள்ள பள்ளங்களையும் துளைகளையும் களிமண்ணால் அடைத்து, திருகாணி உட்பட எல்லாவற்றிலும் மெழுகு பூசாவிட்டால் இரும்பும் கட்டையும் ஒன்றாக இறுகிவிடும். காயும்வரை திருகாணியை இறுக்கவும் கூடாது. கையுறை கட்டாயம்.

நம்பிக்கை 5: குறி சிதறினால் பெடிங்தான் காரணம்.

உண்மை: அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது. தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்திருக்கலாம். துப்புரவுக் கோலை வாய்ப்பக்கமாக விட்டுத் துடைத்த பழக்கத்தால் குழல் நுனி தேய்ந்திருக்கலாம். குழலின் உட்புறம் அரிக்கப்பட்டும் இருக்கலாம். தேய்ந்த குழலை எபாக்ஸி குணமாக்காது.

நம்பிக்கை 6: பெடிங் செய்த பழைய ரைஃபிளுக்கு மதிப்பு கூடும்.

உண்மை: சேகரிப்பாளர் சந்தையில் நேர்மாறு. எல்லாப் பாகங்களின் வரிசை எண்களும் பொருந்தும் மவுசரிலோ, ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனம் தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுவதற்காக மாற்றியமைத்த நம்பர் 4 (டி)-யிலோ எபாக்ஸி விழுந்தால் அதன் விலை சரியும். அசல் மரத்தை அப்படியே வைத்துவிட்டு, வேறொரு கட்டை வாங்கி அதில் பெடிங் செய்வதே புத்திசாலித்தனம்.

இந்திய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கு உரிமம் தேவை. உரிமம் பெற்ற பட்டறையை நாடுங்கள்.

மற்ற நாட்டினர் போல்ட்டைக் கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகே கருவியைத் தொடுங்கள். உங்கள் ரைஃபிளைச் செய்தவர்கள் இரும்பையும் மரத்தையும் எந்த இடத்தில் சேர்த்தார்கள் என்று படித்தறியுங்கள். அந்தச் சேர்க்கையை மீட்பதே பெடிங். அதைத் தாண்டிச் செய்வது பெரும்பாலும் கெடுதல்.