உங்கள் மெட்டபாலிசம் செத்துப்போகவில்லை

“டயட் இருந்தேன், குறைஞ்சது. விட்டேன், முன்னைவிட ஏறிடுச்சு. இப்படியே பல தடவை ஆச்சு மேடம். இப்ப என் மெட்டபாலிசமே செத்துப்போச்சு. பச்சைத் தண்ணி குடிச்சாலும் எடை ஏறுது.”

உணவியல் நிபுணராக வேலை பார்க்கும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம். வங்கி ஊழியர் சொல்கிறார், பேரன் பேத்தி எடுத்தவர் சொல்கிறார், முப்பது வயதுகூட ஆகாத ஐடி பெண்ணும் சொல்கிறார். யார் சொன்னது என்று கேட்டால் எதிர்வீட்டு அக்கா, ஜிம் மாஸ்டர், வாட்ஸ்அப் வீடியோ என்று பட்டியல் நீள்கிறது. சில ஸ்லிம்மிங் சென்டர்கள் இதை ஒரு நோய் மாதிரியே சொல்லி, “மெட்டபாலிசத்தை ரீசெட் பண்ணித் தர்றோம்” என்று பவுடர் டப்பா விற்கின்றன. முயன்று தோற்றவர்கள் மறுபடி முயலவே கூடாது என்று கதவைச் சாத்தும் இந்தப் புரளியை இந்த வாரம் ஒரு கை பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: டயட் இருந்து இருந்து பழுதான உடம்பு இனி குறையாது.

உண்மை: குறையும். முதல் முறை முயல்பவருக்குக் குறைவதைப் போலவே குறையும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தினர் இதை நேரடியாகவே சோதித்தார்கள். மாதவிடாய் நின்ற, அதிக எடையுள்ள 439 பெண்களை ஓராண்டு காலம் கவனித்தார்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே மூன்று முறையாவது, ஒவ்வொரு முறையும் ஒன்பது கிலோவுக்கு மேல் குறைத்தவர்கள். அதாவது குறைப்பதும் ஏறுவதுமாகவே காலம் தள்ளியவர்கள். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் கொடுத்துப் பார்த்ததில், இவர்களுக்கும் மற்றவர்களுக்கும் எடை குறைந்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2013-ல் வெளியான ஆய்வு இது. வாட்ஸ்அப்பில் இது மட்டும் வரவே வராது.

இன்னொன்றும் உண்டு. ரெனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-ல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அதை ஓராண்டாவது ஏறாமல் காத்தவர்களுக்கு மட்டுமே அதில் இடம். 1997-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இருந்த 784 பேரும் சராசரியாக 30 கிலோ குறைத்து, சுமார் ஐந்து ஆண்டுகள் காத்தவர்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதற்கு முன் எடை குறைக்க முயன்று கோட்டை விட்டவர்கள்! ஜெயித்தவர்களை மட்டுமே சேர்த்த பட்டியல்தானே என்று கேட்கலாம். நியாயம்தான்; நூற்றுக்கு எத்தனை பேர் ஜெயிப்பார்கள் என்பதை அது சொல்லாது. ஆனால் தோற்றவர் பின்னால் ஜெயிக்க முடியுமா என்பதுதான் நம் கேள்வி. அதற்கு அந்தப் பட்டியலே பதில்.

அப்படியானால் இந்தப் புரளி எங்கிருந்து வந்தது? நெருப்பில்லாமல் புகையவில்லை. ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்க டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை, போட்டி முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் என்ற விஞ்ஞானியின் குழு பரிசோதித்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப வந்திருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. 2016-ல் இது வெளியானதும் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. “பார்த்தீங்களா, மெட்டபாலிசம் போச்சு!”

தலைப்பைப் படித்தவர்கள் கட்டுரையைப் படிக்கவில்லை. அதே ஆய்வில், எடையை நன்றாகக் காத்தவர்களுக்குத்தான் மெட்டபாலிசம் அதிகம் மந்தமாகியிருந்தது. மந்தமானதால்தான் எடை திரும்பியது என்றால், இவர்களுக்கல்லவா எல்லோரையும்விட அதிகம் ஏறியிருக்க வேண்டும்? ஏறவில்லை. ஏன் என்று அடுத்த ஆண்டே அதே குழுவைச் சேர்ந்தவர்கள் எழுதினார்கள்: காத்தவர்கள் போட்டிக்கு முன்பிருந்ததைவிட உடல் உழைப்பை 160 சதவீதம் கூட்டியிருந்தார்கள், திரும்ப ஏறியவர்கள் கூட்டியது 34 சதவீதம்தான். உடம்பு குறைந்தால் அதன் செலவும் குறையும் என்பது உண்மை. அதற்காக அதைச் சாவு என்று சொல்வது அபாண்டம்.

“நான் சாப்பிடுறதே கொஞ்சம்தான் மேடம்” என்பது அடுத்த வாதம். நியூயார்க்கில் இப்படிச் சொன்ன பத்துப் பேரை ஒரு குழு சோதித்து 1992-ல் வெளியிட்டது. நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்றவர்கள். பல டயட்டுகளில் தோற்றவர்கள். அவர்களுடைய மெட்டபாலிசம் சரியாகவே இருந்தது. சாப்பிட்டதை மட்டும் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். செய்த உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் வரும் நோட்டுகளைப் பார்த்தால் புரியும். ஒரு பெண்மணியின் நோட்டில் இப்படி இருந்தது: காலை 2 இட்லி, சாம்பார். மதியம் ஒரு கப் சாதம், கீரை, ரசம். மாலை டீ. இரவு 2 சப்பாத்தி. கூட்டிப் பார்த்தால் ஆயிரம் கலோரி தேறாது. “இட்லிக்குப் பொடி உண்டா?” உண்டு, பொடிக்கு நடுவே குழி பண்ணி நல்லெண்ணெய். “கப் எது?” குழம்பு ஊற்றும் எவர்சில்வர் கிண்ணம், கோபுரமாக. சப்பாத்திக்குத் தேங்காயும் முந்திரியும் அரைத்த குருமா. பையன் பாதியில் வைத்துவிட்டுப் போன நெய் தோசை, வீணாகுதே என்று. சீரியல் பார்க்கும்போது டப்பாவிலிருந்து முறுக்கு, எண்ணிக்கை ஞாபகமில்லை. எதையும் அவர் ஒளிக்கவில்லை. நின்றுகொண்டு சாப்பிட்டது அவர் கணக்கில் சாப்பாடே இல்லை, அவ்வளவுதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. நாளுக்கு இரண்டு கரண்டி கணக்கில் வராமல் போனால், மெட்டபாலிசத்தின் தலையில் பழி போடத் தாராளமாகப் போதும்.

சரி, பின்னே ஏன் திரும்ப ஏறுகிறது?

உண்மையான எதிரி பசி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், பசியைத் தூண்டும் கிரெலின் முதலான ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. டயட்டுக்கு முன்பிருந்ததைவிடப் பசி அதிகமாகவே இருந்தது. 2011-ல் வந்த முடிவு. கெவின் ஹால் குழு 2016-ல் இதற்குக் கணக்கே போட்டது: ஒரு கிலோ குறைந்தால் உடம்பின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரிதான் குறைகிறது, பசியோ சுமார் 100 கலோரிக்குக் கூடுகிறது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு, தினமும் கூடுதலாக 500 கலோரி கேட்டு வயிறு தொணதொணக்கிறது. கல்யாண வீட்டில் இரண்டாவது ஜாங்கிரியை ஏன் எடுத்தோம் என்பது இப்போது புரிகிறதா?

நாற்பது நாள் சூப் குடித்து எட்டு கிலோ குறைப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். குறைக்கத் திட்டம் இருக்கிறது. குறைந்த பிறகு வரும் பசிக்குத் திட்டம் இல்லை. நாற்பத்தொன்றாம் நாள் பரோட்டாவோடு விரதம் முடிகிறது. கடைசி முறையாக முயன்று ஜெயிப்பவர்களிடம் நான் பார்ப்பது இதற்கு நேர்மாறு. மெதுவாகக் குறைக்கிறார்கள், எட்டு கிலோவுக்குப் பதில் மூன்று கிலோவில் நின்றாலும் அலட்டிக்கொள்வதில்லை, எடை நின்ற பிறகும் அதே தட்டில்தான் சாப்பிடுகிறார்கள்.

அந்தத் தட்டு என்ன? வயிறு நிறைக்கும் தட்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறியும் கீரையுமாக 400 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று இருக்கிறது. எடை குறைப்பவருக்குத் தானியமும் எண்ணெயும் இன்னும் இறங்கும்; பருப்பும் காயும் இறங்கக் கூடாது. நம் வீடுகளில் சாதம் மலை, பொரியல் ஊறுகாய் அளவு. இதைத் திருப்பிப் போடுங்கள். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கக் கூடாது. சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று புரதம் மூன்று வேளையும் வரட்டும். பசி அடங்குவது அதில்தான். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். முன்பு சொன்ன அமெரிக்கப் பதிவேட்டில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறார்கள். இரண்டு கிலோ ஏறும்போதே பிடித்துவிடலாம். பன்னிரண்டு கிலோ ஏறியபின் கண்ணாடி பார்த்து அழ வேண்டியதில்லை.

மற்றவை, சுருக்கமாக

நம்பிக்கை: நாற்பது வயதானால் மெட்டபாலிசம் சரிந்துவிடும்.
உண்மை: இல்லை. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2021-ல் வந்த ஆய்வின்படி, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயது முதல் 60 வரை அது மாறுவதே இல்லை. மாறுவது நாற்காலியில் உட்காரும் நேரம்.

நம்பிக்கை: ராத்திரி சாதத்துக்குப் பதில் சப்பாத்தி தின்றால் இளைக்கலாம்.
உண்மை: அரிசியும் கோதுமையும் கிராமுக்குக் கிராம் கிட்டத்தட்ட ஒரே கலோரிதான். எத்தனை சப்பாத்தி, எவ்வளவு எண்ணெய் என்பதே கேள்வி.

நம்பிக்கை: இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு.
உண்மை: கொள்ளு நல்ல பருப்பு. சாதத்தைக் குறைத்து அந்த இடத்தில் சாப்பிட்டால் பலன் உண்டு. மூன்று கரண்டி சாதத்தோடு கொள்ளு ரசம் குடித்தால் கொழுப்பு கரையாது. வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் அப்படித்தான், தேனும் சர்க்கரைதான்.

நம்பிக்கை: தைராய்டு இருக்கிறது, அதனால் குறையாது.
உண்மை: தைராய்டு குறைபாட்டால் கூடும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கைந்து கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். இருபது கிலோவுக்கும் அந்தச் சுரப்பியைக் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டுவது உண்மை. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள்.

நம்பிக்கை: ஊசி வந்துவிட்டது, இனி கவலையில்லை.
உண்மை: செமாக்ளூடைட் ஊசி வேலை செய்கிறது, பசியை அடக்குவதுதான் அதன் வேலையே. ஆனால் நிறுத்தி ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை அந்த மருந்தின் ஆய்வே காட்டியது. மருத்துவர் பார்த்துத் தரவேண்டியது அது. தோழி சொல்லி வாங்குவதல்ல.

கடைசியாக, என் பழைய புலம்பல்

அரைப்பட்டினி கிடந்து குறைத்தால், குறைவதில் சுமார் கால்வாசி கொழுப்பு அல்ல; தசையும் அதில் சேர்ந்தே போகிறது. திரும்ப ஏறும்போதோ பெரும்பாலும் கொழுப்பாகத்தான் ஏறுகிறது. அதைத் தடுக்கும் வழி, சாப்பாட்டில் புரதமும் எடை தூக்கும் பயிற்சியும். “டம்பெல்லா? எனக்கா?” என்று சிரிக்காத பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு குடம் தண்ணீரை மூன்றாம் மாடிக்குத் தூக்கிய கைதானே அது! 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9. இவர்களுக்கு நடைப்பயிற்சியை மட்டும் சொல்லி அனுப்புவது பாதி வைத்தியம்.

கருவிகள் இல்லாமலா இருக்கின்றன? நகரப் பூங்காக்களில் திறந்தவெளி ஜிம் போட்டு வருடக்கணக்காகிறது. காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். தோள்பட்டைக் கருவியில் இரண்டு இளைஞர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். கால் கருவியில் ஒரு தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சேலையும் சுடிதாருமாகப் பெண்கள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பார்கள், பக்கத்தில் போகாமல். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி, சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளரைப் போட்டால் உள்ளாட்சிக்கு என்ன குடிமுழுகிவிடும்? உங்கள் வார்டு கவுன்சிலர் வீடு தெரியும்தானே? நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். ரீசெட் பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கும் காசும் மிச்சம்.