கை ஒடிந்தால் முதலில் படம்: புய எலும்பைப் பற்றி ஒரு பாடம்



பள்ளிக்கூட லீவு விட்டால் பஸ் பிடித்துத் திருகோணமலைக்குப் போய் வருகிற குடும்பங்கள் நம் தோட்டங்களில் பல. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கடற்கரை என்று சுற்றிப் பார்க்கிறோம். அங்கேயே குடியேறிவிட்ட சொந்தக்காரர்களும் நமக்கு உண்டு. கொழுந்து மலையில் வழுக்குவது போலவே கன்னியாவின் ஈரத் தரையிலும் கால் வழுக்கும். விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுவோம். அந்த அடி மேலே ஏறிப் புய எலும்பை முறித்து விடலாம். ஆகவே இந்த இதழில் புய எலும்பைப் பற்றியும், அதை எக்ஸ்ரே எடுக்கும் விதத்தைப் பற்றியும் படிப்போம். திருகோணமலை ஆஸ்பத்திரியானாலும் நம் ஊர் ஆஸ்பத்திரியானாலும் முறை ஒன்றுதான்.

படம் இல்லாத காலம்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நெல்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். 1773 இல், 15 வயதில், 'சீஹோர்ஸ்' என்ற கப்பலில் ஏறி நம் பக்கத்துக் கடலுக்கு வந்தவர் அவர். பின்னாளில், 1797 ஜூலை மாதம், கனேரித் தீவுகளில் நடந்த சண்டையில் துப்பாக்கிக் குண்டு பட்டு அவருடைய வலது புய எலும்பு முழங்கைக்கு மேலே நொறுங்கிப் போனது. அன்றிரவே கப்பலில் வைத்துக் கையை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து கிடையாது. புண் அழுகாமல் காக்க மருந்து கிடையாது. உள்ளே எலும்பு எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கவும் வழி கிடையாது.

அதற்கு 98 வருஷத்துக்குப் பிறகு, 1895 நவம்பரில், ஜெர்மனியில் ரொன்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். பெரிய தளபதிக்குக் கிடைக்காத அந்த வசதி இன்றைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

புய எலும்பு எது?

தோளில் இருந்து முழங்கை வரை ஓடும் ஒற்றை எலும்புதான் இது. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் 'புயவென்பு' என்று இருக்கும். கையில் உள்ள எலும்புகளிலே நீளமானது இதுதான். இதை மூன்று பகுதியாகப் பிரித்துப் படிப்போம்.

மேல் பகுதி: உருண்டையான தலை, தோள் மூட்டில் பொருந்தி இருக்கும். தலைக்குக் கீழே கழுத்துப் போல ஒடுங்கிய இடம் உண்டு. வயதானவர்கள் விழுந்தால் அதிகம் முறிவது இந்த இடம்.

நடுப் பகுதி: நீளமான தண்டு. இதன் பின்பக்கத்தை ஒட்டி ஒரு நரம்பு சுற்றிக்கொண்டு இறங்குகிறது. தண்டு முறிந்தால் இந்த நரம்பும் அடிபடலாம். அப்போது மணிக்கட்டை மேலே தூக்க முடியாமல் கை தொங்கிப் போகும்.

கீழ்ப் பகுதி: முழங்கைப் பக்கம் அகன்று, இரண்டு புறமும் ஒவ்வொரு முடிச்சாக இருக்கும். உங்கள் முழங்கையை மடக்கித் தொட்டுப் பாருங்கள், இரண்டும் விரலில் தட்டுப்படும். உள்பக்க முடிச்சுக்குப் பின்னால் ஒரு நரம்பு போகிறது. அந்த இடம் கதவில் இடித்தால் சுண்டு விரல் வரை 'ஜிவ்'வென்று ஏறுகிறதே, அது இந்த நரம்புதான்.

எக்ஸ்ரே அறையில் என்ன செய்கிறார்கள்?

வளையல், சங்கிலி, தாயத்து, ஊக்கு எல்லாம் கழற்றச் சொல்வார்கள். கையில் பற்றுப் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். இவையெல்லாம் படத்தில் நிழலாக விழலாம்.

பொதுவாக இரண்டு படம் எடுப்பார்கள். "ஒரு கைக்கு எதற்கு ரெண்டு படம்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மூங்கிலை முன்னால் நின்று பார்த்தால் நேராகத் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் வளைவு தெரியும். எலும்பும் அப்படித்தான்.

முதல் படம், முன்பக்கப் படம். கையை உடம்பை விட்டுச் சற்று விலக்கி, உள்ளங்கை முன்னே தெரியும்படி வைப்பார்கள். அப்போது முழங்கையின் இரண்டு முடிச்சும் படத்தட்டுக்குச் சமமாக இருக்கும்.

இரண்டாவது, பக்கவாட்டுப் படம். முழங்கையை மடக்கிக் கையை உள்பக்கம் திருப்பி வைப்பார்கள். இப்போது ஒரு முடிச்சு மற்றதன் மேல் வந்து நிற்கும்.

இரண்டு படத்திலும் தோள் மூட்டும் முழங்கை மூட்டும் விழ வேண்டும். நடுவில் முறிந்திருந்தாலும் மூட்டு விலகியிருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார்.

எலும்பு முறிந்திருக்கும் என்று சந்தேகம் இருந்தால் கையைத் திருப்ப மாட்டார்கள். அதற்கு வேறு வழி உண்டு. அடிபட்ட கையை அப்படியே தொங்கவிட்டு, நல்ல கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, நெஞ்சின் ஊடாகக் கதிரைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். "ஐயோ, நல்ல கையை அல்லவா தூக்கச் சொல்றாங்க!" என்று பதற வேண்டாம். அடிபட்ட கைக்குத்தான் படம் விழுகிறது.

கர்ப்பிணித் தாய்மார் அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிள்ளையைப் பிடித்துக்கொள்ளவும் கர்ப்பிணிகள் நிற்கக் கூடாது. ஆனால் அதற்குப் பயந்து படம் எடுக்காமலே திரும்பி வரவும் கூடாது. தேவையான பாதுகாப்பை அவர்கள் செய்து தருவார்கள்.

இறுக்கிக் கட்டினால் வரும் ஆபத்து

பெற்றோரே, இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

மரத்தில் இருந்தோ திண்ணையில் இருந்தோ விழும் சிறு பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சகஜம். அந்த இடத்துக்கு முன்னாலேயே கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. படம் பார்க்காமல் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினால், உள்ளே வீங்கி, இரத்த ஓட்டம் நின்று போகலாம். சில மணித்தியாலத்திலேயே தசை செத்துவிடும். பிறகு எலும்பு ஒட்டினாலும் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். கையையே எடுக்க வேண்டியும் வரலாம்.

முறிவு நெரிவு வைத்தியர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. முதலில் படம், பிறகு மற்றது என்றுதான் சொல்கிறோம்.

விரல் வெளுத்தால், நீலம் பாரித்தால், குளிர்ந்தால், மரத்துப் போனால், விரலை நிமிர்த்தும்போது பிள்ளை துடித்து அழுதால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. துணிக் கட்டாக இருந்தால் உடனே தளர்த்துங்கள். ஆஸ்பத்திரியில் போட்ட மாக்கட்டாக இருந்தாலும் அந்த நேரமே கொண்டு போங்கள்.

நினைவில் வைப்போம்

1. கையை இழுக்காதீர்கள், எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். சேலைத் துண்டால் தூளி போலக் கட்டி, நெஞ்சோடு அணைத்து வையுங்கள்.

2. வீக்கம் வருமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள்.

3. டாக்டர் பார்க்கும் வரை சாப்பாடு கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தேவைப்படலாம்.

4. வாகனம் இல்லாவிட்டால் 1990 இலக்கத்துக்குப் பேசுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

5. வேலைத்தலத்தில் விழுந்தால் அன்றைக்கே சொல்லிப் பதிவு செய்யுங்கள். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நமக்காக இருக்கிறது. நட்டஈடு கேட்கும்போது எக்ஸ்ரே படமும் டயக்னோசிஸ் கார்டும் கைகொடுக்கும். மடிக்காமல், நனையாமல் வையுங்கள்.

6. மறுபடி வரச் சொன்ன திகதியில் போங்கள். எலும்பு நேராக ஒட்டுகிறதா என்று திரும்பவும் படம் எடுப்பார்கள். பெரியவர்களுக்கு ஒட்ட இரண்டு மூன்று மாதம் ஆகலாம்.

கொழுந்து எடுப்பதும் கவ்வாத்து வெட்டுவதும் பிள்ளையைத் தூக்குவதும் இந்தக் கையால்தான். வாசித்தவர்கள் வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.